ஆட்டுக்குட்டிகளுக்கு இரத்தக் கழிச்சல்: கோழிக்குஞ்சிலிருந்து தொற்றியதா? அவசரம்

பொகவந்தலாவை தம்பி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீடு பொகவந்தலாவை பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பின்னால் அம்மா ஆடு வளர்க்கிறார். தாய் ஆடு ஆறு, குட்டி ஒன்பது. போன கிழமை இரண்டு குட்டிகள் செத்துவிட்டன. இரண்டுமே ஒன்றரை மாதம் தாண்டாதவை. முதலில் புழுக்கை போடாமல் இளக்கமாகப் போனது, அப்புறம் தண்ணீராகவே போனது. கடைசியில் சளியும் இரத்தமும் சேர்ந்து கறுஞ்சிவப்பாக வந்தது. முக்கி முக்கி நின்றன. இப்போது இன்னும் இரண்டு குட்டிகளுக்கு வால் நனைந்து அழுக்காக இருக்கிறது, பால் மட்டும் குடிக்கின்றன.

இதற்குக் கொஞ்சம் முன்னால், டவுனில் வாங்கி வந்த கோழிக்குஞ்சுகளும் இரத்தமாகக் கழித்துச் செத்தன. கோழிக்கூடும் ஆட்டுக் கொட்டகையும் ஒரே சுவரில்தான் இருக்கின்றன. கோழி வியாதி ஆட்டுக்கு ஏறிவிட்டது, மிச்சக் கோழிகளையும் அடித்துவிடுங்கள் என்று பக்கத்து லயத்தில் சொல்கிறார்கள். அம்மா பார்மசியில் டெட்ராசைக்கிளின் வாங்கிக் கரைத்துக் கொடுத்திருக்கிறார், கழிச்சல் நிற்கவில்லை.

இங்கே வைகாசியில் பிடித்த மழை இன்னும் விடவில்லை. கொட்டகை மண் தரை, மேலே சாக்கு போட்டிருக்கிறோம். நான் கொழும்பில் வேலை செய்கிறேன். லீவில் வந்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை திரும்ப வேண்டும். அதற்குள் என்ன செய்துவிட்டுப் போகலாம்? அம்மா ஆட்டுப்பாலில்தான் தேத்தண்ணி குடிப்பார், பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் கொடுப்பார். அதில் ஆபத்து இருக்கிறதா?

ஹட்டன் அண்ணன்:

தம்பி, குட்டி கழிச்சல் என்றால் பெரும்பாலும் பூச்சிதான். பூச்சி மருந்து ஊற்றிப் பாருங்கள். எங்கள் வீட்டு ஆடுகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ஊற்றுவோம், ஒரு பிரச்சினையும் இல்லை.

லிந்துலை அக்கா:

தம்பி, கோழிகளை அடிக்க வேண்டாம் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லுங்கள். ஆட்டுக்குட்டிக்கு வந்தது கோழியிலிருந்து வந்ததல்ல.

நான் ஒரு பண்ணையில் கன்றுக்குட்டிப் பகுதியில் வருடக்கணக்காக வேலை செய்தவள். இப்போது லிந்துலையில் சொந்தமாக ஆடும் கொஞ்சம் கோழியும் வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதிய வயது, மழை, மண் தரை, முக்கல், கழிச்சலின் நிறம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு இது கொக்சிடியோசிஸ் என்றுதான் படுகிறது. உறுதி செய்ய ஆய்வுகூடத்தில் பார்க்க வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன்.

இது பூச்சியும் அல்ல, பக்டீரியாவும் அல்ல. ஐமீரியா என்ற ஒற்றைக்கல ஒட்டுண்ணி. குடலின் உள்தோலுக்குள் புகுந்து பெருகி, அந்தத் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அதனால்தான் சளியும் இரத்தமும். ஒவ்வொரு பிராணிக்கும் அதனதன் ஐமீரியா வேறு. கோழியில் ஏழு வகை உண்டு, குஞ்சுகள் இரத்தமாகக் கழித்துச் சாவதற்கு முக்கிய காரணம் குருட்டுக்குடலைத் தாக்கும் ஐமீரியா டெனெல்லா. வெள்ளாட்டில் நினாகோல்யாகிமோவே, ஆர்லோயின்கை என்று வேறு வகைகள். கன்றுக்குப் போவிஸ், சூர்னியை. கோழியுடையது ஆட்டில் வளராது, ஆட்டுடையது மாட்டில் வளராது. உங்கள் வீட்டில் இரண்டும் ஒரே காலத்தில் வந்ததற்குக் காரணம் சுவர் அல்ல, ஈரம்.

கழிச்சலோடு வெளியே விழும் ஒட்டுண்ணியின் முட்டை, விழுந்த உடனே தொற்றாது. ஈரமும் காற்றும் ஓரளவு சூடும் கிடைத்தால்தான் முதிர்ந்து தொற்றும் நிலைக்கு வரும். நல்ல சூடான இடத்தில் ஒன்றிரண்டு நாள் போதும், நம் குளிரில் கூடுதல் நாள் எடுக்கும். ஆனால் காய்ந்தால்தான் அது சாகும், நம் பக்கம் ஆடி முடியும்வரை எதுதான் காய்கிறது? ஈர மண்ணில் மாதக்கணக்காக, ஒரு வருடம்கூட உயிரோடு கிடக்கும். சாக்கு அந்த ஈரத்தைப் பிடித்து வைக்கும், குட்டி அதில் படுத்து, தாயின் மடியிலும் அந்த அழுக்கு ஒட்டி, பாலோடு உள்ளே போகும்.

முட்டையை விழுங்கியதிலிருந்து ஆட்டுக்குட்டி கழிய இரண்டு, மூன்று கிழமை ஆகும். அப்படியென்றால் இன்று கழிகிற குட்டி வைகாசிக் கடைசியிலோ ஆனி முதலிலோ விழுங்கியது. அதே சாக்கில் படுத்த மற்றக் குட்டிகளும் விழுங்கியிருக்கின்றன. பார்க்க நன்றாக இருப்பதால் அவற்றுக்கு ஒன்றுமில்லை என்று விட்டால் அடுத்த கிழமை அவையும் கழியும். குடல் கிழிந்த பிறகு கொடுக்கும் மருந்து பாதி வேலைதான் செய்யும். தம்பி, நான் எத்தனையோ பேரிடம் கெஞ்சிச் சொன்ன விஷயம் இதுதான்: ஒரு குட்டி கழிந்தால் அந்தக் கொட்டகையில் உள்ள எல்லாக் குட்டிக்கும் அன்றைக்கே மருந்து கொடுக்க வேண்டும். தாய் ஆடுகளுக்கு எதிர்ப்புச் சக்தி வந்திருக்கும், அவை கழியாது. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக முட்டை போட்டுக்கொண்டே இருக்கும், குட்டிகளுக்கு முதலில் அங்கிருந்துதான் வருகிறது.

டெட்ராசைக்கிளினை நிறுத்துங்கள். அது பக்டீரியாவைக் கொல்லும், இதைத் தொடாது. வாய் வழியாகக் கொடுத்தால் அசைபோடும் பிராணியின் வயிற்றில் இருக்கும் நல்ல கிருமிகளையும் கெடுக்கும். கிழிந்த குடலில் வேறு கிருமி ஏறியிருந்தால் மிருக வைத்தியரே தகுந்த அன்டிபயோடிக் ஊசி போடுவார்.

ஹட்டன் அண்ணன் சொன்ன பூச்சி மருந்தும் இதற்கு வேலை செய்யாது. அண்ணன் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஈரக் காலத்தில் இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்பூச்சியும் கூடும். அதைக் கண்டுபிடிக்க ஆட்டின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். வெளிறி வெள்ளையாக இருந்தால், தாடைக்குக் கீழே வீக்கம் இருந்தால் அந்தப் பூச்சியைச் சந்தேகிக்கலாம். அதில் கழிச்சல் பெரும்பாலும் இருக்காது. ஆனால் ஒன்று, கொக்சிடியோசிஸ் வந்த எல்லாக் குட்டியும் இரத்தமாகக் கழியாது. ஆட்டில் பல நேரம் இரத்தமே தெரியாமல் தண்ணீராகத்தான் போகும். சில குட்டி கழிவதற்கு முன்னாலேயே சாகும். இரத்தம் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

மருந்து என்று பார்த்தால் அம்ப்ரோலியம் அல்லது டொல்ட்ராசூரில். அம்ப்ரோலியத்தை ஆட்டுக்குட்டிக்கு மிருக வைத்தியர்கள் வழக்கமாக ஒரு கிலோ உடல் எடைக்கு 50 மில்லிகிராம் வரை, தினம் ஒரு தரம், 5 நாள் கொடுக்கச் சொல்வார்கள். 20 சதவீதத் தூளாக இருந்தால் 8 கிலோ குட்டிக்கு 2 கிராம். டொல்ட்ராசூரில் 5 சதவீத மருந்து செம்மறிக்குட்டிக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம், ஒரே தரம். வெள்ளாட்டுக்கு எவ்வளவு என்று வைத்தியர்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெள்ளாட்டின் உடம்பு மருந்தைச் சீக்கிரம் கழித்துவிடும். கோழிக்கென்று விற்கும் 2.5 சதவீதக் கரைசலை அப்படியே குட்டியின் வாயில் ஊற்றவே கூடாது. அது தண்ணீரில் கலப்பதற்கென்று செய்த காரமான மருந்து, வாயும் தொண்டையும் புண்ணாகும்.

எடையைக் கண்ணால் மதிக்காதீர்கள். குட்டியைச் சாக்கில் போட்டுத் தலையை வெளியே விட்டு, கொழுந்து நிறுக்கும் தராசில் தொங்கவிட்டுப் பாருங்கள். தோட்டத்தில் இதற்குத் தராசு கிடைக்காத வீடு உண்டா?

அம்ப்ரோலியம் கொடுக்கும் நாட்களில் பி1 விற்றமின் உள்ள டொனிக் கொடுக்காதீர்கள். அந்த மருந்து பி1 போல வேஷம் போட்டு ஒட்டுண்ணியைப் பட்டினி போடுகிறது. நீங்கள் நிஜப் பி1ஐக் கொடுத்தால் மருந்து வீணாகும். அதே காரணத்தால் சொன்ன அளவையும் நாளையும் தாண்டக் கூடாது. தாண்டினால் குட்டிக்கே பி1 குறைந்து, தலையை மேலே தூக்கி வானத்தைப் பார்த்து நிற்கும், கண் தெரியாமல் முட்டும். அப்படிக் கண்டால் மருந்தை நிறுத்தி உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள், அப்போது பி1 ஊசிதான் மருந்து.

குட்டி சாவது பாதி நேரம் தண்ணீர் வற்றித்தான். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். ஜீவனி பக்கெட்டை (மனிதருக்கு வயிற்றோட்டத்தில் கொடுக்கும் உப்பு, சீனித் தூள்) அதில் எழுதியிருக்கும்படி ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து, இளஞ்சூட்டில், பாலுக்குப் பாலுக்கு நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தலையைத் தூக்க முடியாத குட்டிக்கு வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். அதற்குச் சேலைன்தான்.

பால் விஷயம். ஐமீரியா மனிதனுக்கு வராது. பாலை எப்போதும்போல நன்றாகக் கொதிக்க வைத்துக் குடிக்கலாம். தாய் ஆட்டுக்கு ஏதாவது மருந்து கொடுத்தால் மட்டும், எத்தனை நாள் பால் எடுக்கக் கூடாது என்று வைத்தியரிடம் கேளுங்கள். ஆனால் கழிச்சல் குட்டியைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் சின்னப் பிள்ளையைத் தூக்க வேண்டாம். கிரிப்டோஸ்போரிடியம் என்று வேறொன்று இருக்கிறது, பிறந்து மூன்று கிழமைக்குள் இருக்கும் கன்றுக்கும் குட்டிக்கும் கழிச்சல் தரும். அது மனிதனுக்கு வரும்.

நாளைக் காலையில் முதல் வேலையாக உங்கள் பகுதி அரச மிருக வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள். கழிகிற குட்டியிடமிருந்து புதிதாகக் கழிச்சலை எடுங்கள், தரையில் விழுந்தது வேண்டாம். கையில் பொலித்தீன் பையை மாட்டி எடுத்து அப்படியே பையைத் திருப்பிக் கட்டி, வயதும் திகதியும் எழுதி, குளிராக வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். இன்னொரு குட்டி செத்தால் புதைக்காமல் அதையும் கொண்டுபோங்கள், வெட்டிக் குடலைப் பார்த்தால் கதை தெரிந்துவிடும். தேவைப்பட்டால் அவர்கள் கன்னொறுவையில் இருக்கும் மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்புவார்கள். முடிவு வரும்வரை மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது, பார்த்துவிட்டு ஆரம்பித்துத் தாருங்கள் என்று கேளுங்கள்.

பொகவந்தலாவை தம்பி:

அக்கா, ரொம்ப நன்றி. காலையில் போனேன். டொக்டர் கழிச்சலை நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டு நீங்கள் சொன்னதையே சொன்னார். ஏழு குட்டிக்கும் அளவு எழுதி மருந்து தந்திருக்கிறார். தராசில் நிறுத்துத்தான் கொடுத்தோம்.

இனி கொட்டகை. ஞாயிறுக்குள் புதிதாகக் கட்ட முடியாது. டெட்டோலும் குளோரினும் வாங்கி வைத்திருக்கிறேன், தரை முழுக்க அடிக்கவா? சுண்ணாம்பும் இருக்கிறது. அம்மாவால் தனியாகச் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும், அவருக்கு முழங்கால் வலி.

லிந்துலை அக்கா:

நல்ல செய்தி தம்பி. டெட்டோலையும் குளோரினையும் வீட்டுக்கே வைத்துக்கொள்ளுங்கள். அந்த முட்டையின் ஓடு சாதாரணக் கிருமிநாசினி எதற்கும் மசியாது. கொதிநீர், நெருப்புச் சுவாலை, நல்ல வெயில், அமோனியா, இவைதான் அதைக் கொல்லும். அமோனியா மூடிய இடத்தில் மூச்சை அடைக்கும், குளோரினோடு கலந்தால் விஷவாயு வரும், அம்மா தனியாக இருக்கும் வீட்டில் அதை வேண்டாம் என்பேன். சுண்ணாம்பு ஈரத்தை இழுக்கும், அதற்காக வழியில் தூவலாம், முட்டையைக் கொல்லும் என்று நம்பி இருக்காதீர்கள்.

மண் தரையைக் கொதிநீர் ஊற்றியும் சுத்தம் செய்ய முடியாது, சேறுதான் மிஞ்சும். அதனால் தரையோடு சண்டை போடாமல் குட்டியைத் தரையிலிருந்து தூக்கிவிடுங்கள். முழுக் கொட்டகையும் வேண்டாம், ஒரு மூலையில் குட்டிகளுக்கு மட்டும் ஒரு மேடை. கிராண்டிஸ் (யூகலிப்டஸ் மரம்) சலாகை கிடைக்கும்தானே? நிலத்திலிருந்து முழங்கால் உயரமாவது தூக்கி, சலாகைக்கு நடுவில் புழுக்கை விழும் அளவுக்கு, ஒரு சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூட இடைவெளி விட்டு அடியுங்கள். கூடினால் குட்டியின் கால் சிக்கும். தாய் உள்ளே வராதபடி குட்டி மட்டும் நுழையும் வழி வைத்தால், பால் குடித்துவிட்டு அங்கே போய்ப் படுத்துப் பழகும். இரண்டு பேர் ஒரு பகலில் முடிக்கிற வேலை. உங்களிடம் ஞாயிறுவரை நேரம் இருக்கிறது, இதற்கே அதைச் செலவழியுங்கள்.

சாக்குகளை இன்றைக்கே எடுத்து எரியுங்கள், துவைத்து மறுபடி போட வேண்டாம். கூரை ஒழுகுகிற தகரத்தை மாற்றுங்கள். கொட்டகைக்கு மேல்பக்கம் ஒரு சின்னக் கான் வெட்டி மலைத்தண்ணீரைத் திருப்பிவிடுங்கள், நம் சரிவில் பாதி ஈரம் கூரையால் வருவதல்ல, கீழாக ஊறி வருவது. புல்லைத் தரையில் போடும் பழக்கத்தை இன்றோடு விட வேண்டும். கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால்கூடப் போதும், குட்டியின் வாய் உயரத்துக்கு. தண்ணீர் வாளியையும் புழுக்கை விழாத உயரத்தில் வையுங்கள், தினம் கழுவி வைக்க அம்மாவுக்குக் கை எட்டும் இடமாகப் பாருங்கள்.

மேடைக்குக் கீழே விழுவதைக் கிழமைக்கு இரண்டு தரமாவது வாரிக் குவியுங்கள். குவித்து மூடி வைத்தால் உள்ளே வரும் சூட்டில் முட்டை சாகும். அப்புறம் போஞ்சிக்கோ லீக்ஸுக்கோ போடலாம். ஆடு தின்னும் புல் வெட்டுகிற இடத்துக்கு மட்டும் பச்சையாகப் போடாதீர்கள்.

அடுத்த ஈற்றுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். முடிந்தால் எல்லா ஆடும் ஒட்டினாற்போல ஈனும்படி பாருங்கள். மூன்று மாதக் குட்டியும் மூன்று கிழமைக் குட்டியும் ஒரே இடத்தில் கிடந்தால், பெரியது போட்ட முட்டையை எல்லாம் சின்னது விழுங்கும். முட்டை அப்படிப் பெருகிப் போன பிறகு பிறக்கிற குட்டிதான் முதலில் சாகும். பால் மறக்கடிப்பதையும் கொட்டும் மழை நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த அதிர்ச்சியில்தான் அடங்கிக் கிடந்தது எழும்பும். தை, மாசி வெயிலில் சலாகைகளைக் கழற்றி, கொதிநீர் ஊற்றித் தேய்த்து வெளியே காயப்போடுங்கள், நம் பக்கத்தில் வெயில் உதவி செய்கிற மாதங்கள் அவைதான்.

பிழைத்த குட்டிகள் உடனே உடம்பு தேறாது. குடல் தோல் ஆறி வர நாள் எடுக்கும். கொஞ்ச நாள் மெலிவாகவே இருக்கும், அதைப் பார்த்து அம்மா மறுபடி மறுபடி மருந்து கொடுக்காமல் இருக்க நீங்கள் போனில் கேட்டுக்கொண்டே இருங்கள்.

பண்டாரவளை லேயர்காரர்:

அக்கா ஆட்டைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார், நான் குஞ்சுகளைப் பற்றிச் சொல்கிறேன். எங்களுக்கு இந்தத் தொல்லை ஐப்பசி, கார்த்திகை மழையில் வரும், உங்களுக்கு ஆனி, ஆடியில்.

குஞ்சுக்கு ஆபத்தான வயது மூன்றிலிருந்து ஆறு கிழமை. இறகைச் சிலிர்த்து, கூனிக்கொண்டு மூலையில் ஒட்டி நிற்கும், எச்சத்தில் இரத்தம் தெரியும். செத்த குஞ்சை வெட்டினால் குருட்டுக்குடல் இரண்டும் இரத்தக் கட்டியால் உப்பியிருக்கும். அம்ப்ரோலியம் 20 சதவீதத் தூள் என்றால் 10 லீற்றர் தண்ணீருக்கு 6 கிராம், கடுமையாக இருந்தால் 12 கிராம், 3 முதல் 5 நாள். அப்புறம் 3 கிராமாகக் குறைத்து இன்னும் ஒன்றிரண்டு கிழமை. நோய்க் குஞ்சு தீனியை விட்டாலும் தண்ணீர் குடிக்கும், அதனால்தான் தண்ணீரில் கொடுக்கிறோம். வேறு தண்ணீர் எதுவும் கூட்டில் இருக்கக் கூடாது. தினம் புதிதாகக் கலக்க வேண்டும். குஞ்சு வாங்கும்போது கடையில் சேர்த்துத் தரும் விற்றமின் பக்கெட்டில் பி1 இருக்கும், அக்கா சொன்ன அதே காரணத்துக்காக அதை அந்த நாட்களில் நிறுத்துங்கள். விற்றமின் கே இரத்தப்போக்குக்கு நல்லது, அது தனியாகக் கிடைத்தால் கொடுக்கலாம்.

முட்டையிடும் கோழிக்கு டொல்ட்ராசூரிலும் சல்ஃபா மருந்துகளும் கொடுக்கக் கூடாது, முட்டையில் தங்கும். இதை நான் வியாபாரிகளிடமும் ஓயாமல் சொல்கிறேன். அந்த முட்டையைச் சாப்பிடுவது நம் பிள்ளைகள்தான்.

தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றி உமி நனைந்து கட்டியாகிற இடம்தான் நோய் பிறக்கிற இடம். அந்த இடத்தை மட்டும் தினம் அள்ளிப் போட்டு, காய்ந்த மரச்சீவலைப் போடுங்கள். பாத்திரத்தைக் குஞ்சின் முதுகு உயரத்துக்குத் தூக்குங்கள். பெரிய கோழியோடு குஞ்சை விடாதீர்கள்.

நுவரெலியா குதிரைக்காரர்:

இடையில் ஒரு கேள்வி. நான் வாவிப் பக்கம் சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டக்குதிரை ஓட்டுகிறேன். வீட்டில் புரொய்லர் தீனி அரை மூட்டை மிச்சம் இருக்கிறது, அதில் இந்த நோய்க்கு மருந்து கலந்திருக்கிறது என்று லேபலில் போட்டிருக்கிறார்கள். குதிரைக்குத் தவிட்டோடு கொஞ்சம் கலந்து கொடுத்தால் என்ன?

லிந்துலை அக்கா:

கொடுக்கவே கூடாது அண்ணே. லேபலில் மொனென்சின், சலினோமைசின், லசலொசிட் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். கோழிக்கு நன்மை செய்கிற அந்த மருந்து குதிரையின் இதயத் தசையைக் கெடுத்துக் கொன்றுவிடும், கொஞ்சம் போதும். மொனென்சின் நாய்க்கும் விஷம். மூட்டையைக் குதிரை லாயத்தில் வைக்கவும் வேண்டாம், இன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றுங்கள். கோழி வைத்திருக்கும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள், முட்டைக்கோழிக்கு வேண்டாம் என்று சொல்லியே கொடுங்கள். ஏற்கெனவே குதிரை தின்றிருந்தால், வியர்ப்பு, தள்ளாட்டம், தீனி மறுப்பு ஏதாவது தெரிந்தால், ஓட்டாமல் அசையாமல் நிறுத்தி வைத்துவிட்டு உடனே வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

பொகவந்தலாவை தம்பி, உங்கள் அம்மாவுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள். கோழித் தீனியில் மருந்து இருக்கிறதுதானே என்று மலிவாக நினைத்து ஆட்டுக்குட்டிக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அளவு தெரியாமல் போடுவது மருந்து அல்ல.

பொகவந்தலாவை தம்பி:

சொல்லிவிட்டேன் அக்கா. மேடை அடித்து முடிந்தது, மாமா சலாகை தந்தார். வால் நனைந்திருந்த இரண்டில் ஒன்று எழுந்து நடக்கிறது, மற்றது இன்னும் படுத்தே இருக்கிறது, பால் மட்டும் இழுக்கிறது. டொக்டர் நாளைக்கு வந்து சேலைன் போடுவதாகச் சொன்னார். நான் ஞாயிறு இரவு பஸ்ஸுக்குத்தான் போகிறேன்.

லிந்துலை அக்கா:

பால் இழுக்கிறது என்றால் விடாதீர்கள். இரவில் தாயோடு சேர்த்து, காற்று அடிக்காத பக்கமாகப் படுக்க வையுங்கள். நாளைக்கு டொக்டர் வரும்போது மற்றக் குட்டிகளையும் ஒரு தரம் பார்க்கச் சொல்லுங்கள், முக்கி முக்கி ஆசனவாய் வெளியே தள்ளியிருக்கிறதா என்று குறிப்பாகக் கேளுங்கள்.